சிங்கப்பூர் – பாத்தாம் படகுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் தென்கரைக்கும் இந்தோனீசியாவின் பாத்தாம் தீவுக்கும் நடுவே கிடக்கும் கடல் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 20 கிலோமீட்டருக்குள் ஒரு நாட்டு எல்லை, இரண்டு குடிநுழைவுச் சாவடிகள், இரண்டு நாணயங்கள், இரண்டு கடிகார நேரங்கள் இருக்கின்றன. முதன்முறை போகிறவர்கள் அலையைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள். பயணம் கெடுவது பெரும்பாலும் கடலில் அல்ல, கரையில்தான். அதனால் கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் கரையைப் பற்றியவை.

சிங்கப்பூரில் எங்கே படகு ஏற வேண்டும்?

இரண்டு முனையங்கள் உண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்ட். எம்ஆர்டியின் வடகிழக்குத் தடமும் வட்டத் தடமும் சந்திக்கும் நிலையம் அது. ரயிலை விட்டு இறங்கி வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்து நடந்தாலே போதும். மற்றொன்று தானா மேரா படகு முனையம். பெயரைப் பார்த்து தானா மேரா எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நிலையத்திலிருந்து 35ஆம் எண் பேருந்தோ டாக்சியோ பிடித்துத்தான் போக வேண்டும்.

ஒரு முனையத்துக்கு எடுத்த டிக்கெட் மற்றொன்றில் செல்லாது. இரண்டுக்கும் நடுவே தீவின் பாதி நீளம் இருக்கிறது. தவறான இடத்துக்குப் போய்விட்டால் அந்தப் படகு போனதுதான். டிக்கெட்டில் புறப்படும் இடத்தை முதலில் படியுங்கள், நேரத்தை அப்புறம் பாருங்கள்.

பாத்தாமில் எந்தத் துறையில் இறங்குவது நல்லது?

எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான்கு பெயர்களை நினைவில் வைத்தால் போதும்.

பாத்தாம் சென்டர் பெரிய துறை. அதிகப் படகுகள் இங்கேதான் வருகின்றன. எதிரிலேயே மெகா மால் இருக்கிறது. மேம்பாலத்தில் நடந்தே போகலாம். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கும், முதன்முறை போகிறவர்களுக்கும் இதுவே வசதி. ஹார்பர் பே, கடைத்தெருக்களும் ஹோட்டல்களும் நெருங்கியிருக்கும் நகோயா பகுதிக்குப் பக்கம். செக்குப்பாங் மேற்குக் கோடியில் இருக்கிறது. கடற்பயணம் குறைவு, ஆனால் நகருக்குள் வர சாலையில் கூடுதல் நேரம் ஆகும். நோங்சாபுரா வடகிழக்கில், கடற்கரை விடுதிகளும் கோல்ஃப் மைதானங்களும் உள்ள பக்கம். தானா மேராவிலிருந்துதான் அதற்குப் படகு.

நகோயாவில் அறை எடுத்துக்கொண்டு, டிக்கெட் மலிவு என்று நோங்சாபுராவில் இறங்கினால் மிச்சம் பிடித்த பணம் டாக்சிக்கே போய்விடும்.

பயணம் எவ்வளவு நேரம்?

ஹார்பர்ஃபிரண்டிலிருந்து செக்குப்பாங்குக்கும் ஹார்பர் பேக்கும் முக்கால் மணி நேரத்தை ஒட்டி, பாத்தாம் சென்டருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், தானா மேராவிலிருந்து நோங்சாபுராவுக்கு 35 முதல் 45 நிமிடம். இது படகு ஓடும் நேரம் மட்டுமே. வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் வாசல் வரை மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். விடுமுறை வார இறுதி என்றால் இன்னும் ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேர வித்தியாசத்தில் எல்லாரும் ஏன் தடுமாறுகிறார்கள்?

பாத்தாம் கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. சிங்கப்பூரில் காலை 9 என்றால் அங்கே 8. படகு நிறுவனங்கள் எல்லா நேரத்தையும் அந்தந்தத் துறையின் உள்ளூர் நேரப்படியே அச்சிடுகின்றன. போகும் படகுக்குச் சிங்கப்பூர் நேரம், திரும்பும் படகுக்குப் பாத்தாம் நேரம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரில் காலை 8.40க்குப் புறப்பட்டு ஒரு மணி நேரம் கடலில் போனால், பாத்தாமில் இறங்கும்போது அங்கே மணி 8.40தான். திரும்பும்போது இந்த ஒரு மணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்: பாத்தாமில் மாலை 5.00க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் கால் வைக்கும்போது இரவு 7.00 மணி. கைக்குழந்தையோடு போகிறவர்களும், மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்களும் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

கைபேசிக் கடிகாரத்தை முழுதாக நம்ப வேண்டாம். இரண்டு கரைகளும் இவ்வளவு நெருக்கம் என்பதால், கடலோரத்தில் கைபேசி ஒரு நிமிடம் சிங்கப்பூர் அலைவரிசையையும் அடுத்த நிமிடம் இந்தோனீசிய அலைவரிசையையும் பிடிக்கும். தானியங்கி நேர அமைப்பு அதோடு சேர்ந்து முன்னும் பின்னும் தாவும். நோங்சா பக்கம் தங்குகிறவர்கள் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, கையால் பாத்தாம் நேரத்தை வையுங்கள். ரோமிங் திட்டம் எடுக்காதவர்கள் படகு கிளம்புவதற்கு முன்பே மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுவது நல்லது.

டிக்கெட் எப்படி எடுப்பது? என்ன விலை?

பாத்தாம்ஃபாஸ்ட், சிண்டோ, மெஜஸ்டிக், ஹொரைசன் ஆகிய நிறுவனங்கள் இந்தத் தடங்களில் ஓடுகின்றன. அவற்றின் இணையத்தளத்திலோ செயலியிலோ முனையத்தில் உள்ள கவுன்ட்டரிலோ எடுக்கலாம். இருவழிக் கட்டணம், வரிகளும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்த்து, பெரும்பாலும் 50 முதல் 80 சிங்கப்பூர் வெள்ளிக்குள் (டாலர்) இருக்கும்.

ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். முகப்பில் பெரிய எழுத்தில் தெரியும் தொகை பல நேரங்களில் வெறும் படகுக் கட்டணம்தான். இரண்டு பக்க முனையக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் கடைசிப் பக்கத்தில்தான் சேரும். சலுகை டிக்கெட்டுகளில் திரும்பும்போது கட்ட வேண்டிய பாத்தாம் முனையக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே கவுன்ட்டரில் இந்தோனீசிய ரூப்பியாவாகக் கேட்பார்கள்.

திரும்பும் நேரத்தைக் குறித்து எடுப்பதா, திறந்த டிக்கெட்டாக எடுப்பதா?

திறந்த டிக்கெட் என்றால் திரும்பும் படகை அங்கே போய்த் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சுதந்திரமாகத் தோன்றும். ஆனால் அதில் உங்களுக்கென்று இருக்கை கிடையாது. ஞாயிறு மாலை 3 மணிக்கு மேல் பாத்தாம் சென்டரில் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். குறித்த நேர டிக்கெட் வைத்திருப்பவர்கள் ஏறிய பிறகு மிச்சமிருந்தால்தான் உங்களுக்கு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை, பள்ளி விடுமுறை என்றால் நேரம் குறித்தே எடுங்கள். வாரநாளில் திறந்த டிக்கெட்டில் சிக்கல் அபூர்வம். எப்படி எடுத்திருந்தாலும், பாத்தாமில் இறங்கியவுடன், வெளியே போவதற்கு முன்பே நிறுவனத்தின் கவுன்ட்டரில் திரும்பும் நேரத்தை உறுதி செய்துவிட்டால் கவலை இல்லை.

படிவத்தில் பெயரை எப்படி நிரப்புவது? குடும்பப் பெயர் இல்லையே!

தமிழர்களுக்கு இது நிஜமான தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். இணையப் படிவமோ அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. இந்தோனீசிய விசா, வருகைப் படிவம், படகு டிக்கெட் எல்லாவற்றிலும் இதே கதைதான். சில படிவங்களில் ஒரே பெயர் உள்ளவர்களுக்கு என்ன செய்வது என்று சிறிய எழுத்தில் குறிப்பு இருக்கும். அதை அப்படியே பின்பற்றுங்கள். குறிப்பு இல்லாத இடத்தில் இரண்டு கட்டங்களிலும் அதே பெயரை நிரப்புவது பொதுவான வழக்கம்.

இனிஷியலை விரித்து எழுதுவதோ, பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருப்பதைச் சுருக்குவதோ வேண்டாம். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே. சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்டுகளில் வரும் 'எஸ்/ஓ', 'டி/ஓ', 'ஏ/எல்', 'ஏ/பி' ஆகியவற்றில் உள்ள சாய்கோட்டைப் பல படிவங்கள் ஏற்காது. சாய்கோட்டை மட்டும் விட்டுவிட்டு எழுத்துகளை வையுங்கள்.

பெயரில் ஓர் எழுத்து மாறினால் கவுன்ட்டரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால், அதுவும் விசாவில் மாறினால், அந்த விசா உங்களுடையதாகவே கருதப்படாது. ஆங்கில 'ஓ' எழுத்தையும் சுழியத்தையும் குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

விசா வேண்டுமா?

சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட ஆசியான் நாட்டுக் குடிமக்களுக்குச் சுற்றுலாவுக்கு 30 நாள்வரை வேண்டாம்.

இந்தியக் குடிமக்களுக்குப் பொதுவாக வேண்டும். வருகையின்போது பெறும் விசா வசதி இருக்கிறது. கட்டணம் 5,00,000 ரூப்பியா, 30 நாள் தங்கலாம், ஒருமுறை நீட்டிக்கலாம். பாத்தாம் துறையிலேயே கவுன்ட்டரில் கட்டிப் பெறலாம். அல்லது முன்கூட்டியே இந்தோனீசியக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் மின்விசாவாக எடுக்கலாம். மின்விசாவே நல்லது. துறையில் விசாவுக்கு ஒரு வரிசை, முத்திரைக்கு ஒரு வரிசை என்று இரண்டு முறை நிற்க வேண்டியதில், முதல் வரிசை உங்களுக்கு இல்லாமல் போகும். இரண்டு, மூன்று நாள் முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் வேலை அனுமதியோ எஸ் பாஸோ வைத்திருந்தாலும் இந்திய பாஸ்போர்ட் என்றால் இந்த விசா வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா, தனிக் கட்டணம்.

இது ஒருமுறை நுழைவுக்கான விசா. சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பினால் அதோடு முடிந்தது. மீதி 28 நாளை அடுத்த மாதத்துக்குச் சேமிக்க முடியாது. வந்த நாளையே முதல் நாளாக எண்ணுவார்கள். 30 நாளைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 10,00,000 ரூப்பியா அபராதம்.

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். தண்ணீரில் நனைந்து உப்பியது, ஓரம் கிழிந்தது, படப் பக்கத்தின் பிளாஸ்டிக் உரிந்தது போன்றவற்றை இந்தோனீசிய அதிகாரிகள் கறாராகப் பார்க்கிறார்கள். திருப்பி அனுப்பினால் அடுத்த படகிலேயே சிங்கப்பூர் திரும்ப வேண்டியதுதான்.

இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்குச் சுற்றுலா வந்திருக்கிறோம். பாத்தாமையும் பார்த்துவிட்டு வரலாமா?

வரலாம். ஆனால் கிளம்புவதற்கு முன் உங்கள் சிங்கப்பூர் விசாவை எடுத்து, அது பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். ஒருமுறை நுழைவு விசா என்றால், சிங்கப்பூருக்குள் வந்தபோதே அது தீர்ந்துவிட்டது. பாத்தாம் போன பிறகு திரும்பி வரப் புது விசா வேண்டும். உங்கள் ஊருக்கான விமானமோ சாங்கியிலிருந்து கிளம்பும். இந்த ஒரு வரியைப் படிக்காமல் கிளம்பி, பாத்தாமில் மாட்டிக்கொண்டால் சரிசெய்யப் பல நாள் ஆகும்.

விசாவின் கடைசித் தேதியையும் பாருங்கள். திரும்பி நுழையும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் தங்கும் நாளைக் கூட்டுவதற்காகவே ஒருநாள் பாத்தாம் போய் வரலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். திரும்பி வரும்போது எத்தனை நாள் தருவது, தருவதா வேண்டாமா என்பதெல்லாம் குடிநுழைவு அதிகாரியின் முடிவு. புது முத்திரை உரிமை அல்ல.

இணையத்தில் என்னென்ன படிவம் நிரப்ப வேண்டும்?

போவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று. இரண்டும் இலவசம்.

இந்தோனீசியாவுக்குள் நுழைய 'ஆல் இந்தோனீசியா' என்ற வருகைப் படிவம். குடிநுழைவு, சுங்கம், சுகாதாரம் மூன்றுக்கும் சேர்த்து 2025 அக்டோபரில் இந்தோனீசியா முழுதும் நடைமுறைக்கு வந்தது. வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். கடைசியில் ஒரு கியூஆர் குறியீடு வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். துறையில் இணையம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

சிங்கப்பூருக்குத் திரும்ப எஸ்ஜி அரைவல் கார்டு. இதுவும் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள், வரும் நாளையும் சேர்த்து. சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கு விலக்கு இருப்பது தரைவழிச் சாவடிகளில்தான். கடல்வழி வரும்போது அவர்களும் நிரப்ப வேண்டும். மலேசியாவின் ஜோகூருக்குத் தரைவழியே அடிக்கடி போய்ப் பழகியவர்கள் இங்கேதான் தவறுவார்கள். வார இறுதிப் பயணம் என்றால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் முன்பே இரண்டையும் முடித்துவிடலாம்.

தேடுபொறியில் முதலில் வரும் தளத்தைச் சொடுக்காதீர்கள். அரசாங்கத் தளம்போலவே தோற்றம் காட்டி, இலவசப் படிவத்துக்குப் பணம் பிடுங்கும் தளங்கள் பல. பணம் கேட்டால் அது போலி என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். எஸ்ஜி அரைவல் கார்டைச் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையமான ஐசிஏவின் தளத்திலோ அதன் மைஐசிஏ செயலியிலோ மட்டும் நிரப்புங்கள்.

எத்தனை மணிக்கு முனையத்தில் இருக்க வேண்டும்?

வாரநாளில் ஒரு மணி நேரம் முன்னதாக. வார இறுதியிலும் விடுமுறையிலும் ஒன்றரை மணி நேரம். வரிசை இப்படிப் போகும்: நிறுவனக் கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் காட்டி ஏறும் சீட்டு வாங்குவது, குடிநுழைவு, பாதுகாப்புச் சோதனை, பிறகு வாயிலுக்கு முன் காத்திருப்பு. இணையத்தில் டிக்கெட் எடுத்தவர்கள் அந்த மின்னஞ்சலையே ஏறும் சீட்டு என்று நினைத்து நேராகக் குடிநுழைவுக்குப் போய்த் திரும்பி வருவது வழக்கம். கவுன்ட்டரையோ, இணையவழிச் செக்இன்னையோ முடிக்காமல் உள்ளே விடமாட்டார்கள்.

கவுன்ட்டர்கள் பொதுவாகப் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பே மூடிவிடும். வாயில் பத்து, பதினைந்து நிமிடம் முன்பு. டிக்கெட்டில் உள்ள நேரம் படகு கயிற்றை அவிழ்க்கும் நேரம், நீங்கள் ஏறும் நேரம் அல்ல.

எவ்வளவு சாமான் கொண்டு போகலாம்?

பெரும்பாலான நிறுவனங்கள் ஒருவருக்கு 20 கிலோ வரை அனுமதிக்கின்றன. பெரிய பெட்டியைக் கவுன்ட்டரில் கொடுத்தால் சீட்டு ஒட்டிக் கீழே ஏற்றுவார்கள். இறங்கிய பின் காத்திருந்து வாங்க வேண்டும். இரண்டு நாள் பயணத்துக்குத் தோளில் மாட்டும் பை ஒன்றே போதும். அந்தப் பத்து, பதினைந்து நிமிடத்தில்தான் குடிநுழைவு வரிசை நீண்டுவிடும்.

முன்பின் தெரியாதவர் "இந்தப் பையை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். போதைப்பொருள் குற்றத்துக்கு இரண்டு நாடுகளிலும் மரண தண்டனை இருக்கிறது. பை உங்கள் கையில் இருந்தால் நீங்கள்தான் பொறுப்பு.

கடல் மோசமாக இருக்குமா? வாந்தி வருமா?

பெரும்பாலான நாட்களில் இது அமைதியான நீர்தான். சுற்றிலும் தீவுகள் இருப்பதால் பெரிய அலை எழாது. படகு குலுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று அல்ல, கப்பல்கள். உலகிலேயே கப்பல் நெரிசல் மிகுந்த பாதைகளில் ஒன்று சிங்கப்பூர் நீரிணை. சாலையைப் போலவே அதில் இரண்டு தடங்கள் உண்டு. சிங்கப்பூர்ப் பக்கத் தடத்தில் கப்பல்கள் மேற்கே போகும், பாத்தாம் பக்கத் தடத்தில் கிழக்கே போகும். சன்னலோரம் உட்கார்ந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். பயணப்படகு அந்த இரண்டு தடங்களையும் குறுக்கே கடக்கிறது. நடுவில் சட்டென்று வேகம் குறைந்தால் பழுது அல்ல, ஒரு பெரிய கப்பலுக்கு வழிவிடுகிறார்கள் என்று பொருள். அந்தக் கப்பல் போன பிறகு அதன் பின்னால் எழும் அலை வந்து சேரும்போது இரண்டு, மூன்று முறை தூக்கிப் போடும். அவ்வளவுதான்.

இரண்டு காலங்களில் மட்டும் கவனம் தேவை. டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் தென்சீனக் கடலின் அலை கிழக்குப் பக்கமாக உள்ளே வரும். தானா மேராவிலிருந்து நோங்சாவுக்கும் பக்கத்துத் தீவான பிந்தானுக்கும் போகும் தடங்கள் அப்போது நன்றாக ஆடும். ஹார்பர்ஃபிரண்ட் தடங்களில் அவ்வளவு தெரியாது. தென்மேற்குப் பருவ மாதங்களில் 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று விடியற்காலையிலும் காலையிலும் திடீரென வீசி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அந்த நாளில் காலைப் படகு தாமதமாகலாம்.

குமட்டல் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து சற்றுப் பின்னால் உட்காருங்கள். படகு முன்பக்கத்தில்தான் அதிகம் ஏறி இறங்கும். முதல் வரிசையில் உட்கார்ந்தால் அடிப்பலகை நீரில் அறையும் சத்தமே வயிற்றைப் புரட்டும். தொடுவானத்தைப் பாருங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதென்றால் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டச் சாப்பிட்டாலும் ஆகாது. கர்ப்பிணிகளும் முதுகுவலி உள்ளவர்களும் முன்வரிசையைத் தவிர்ப்பது நல்லது.

உட்கார்ந்ததும் உயிர்காப்பு மேலங்கி எங்கே இருக்கிறது, அருகில் உள்ள வெளிவாசல் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைக்கு அடியில் இருக்கும், அல்லது பக்கவாட்டுப் பெட்டியில்.

சக்கர நாற்காலி, தள்ளுவண்டியோடு போகலாமா?

போகலாம், நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிரமம் படகில் அல்ல, ஏறும் சரிவில்தான். படகு வந்து கட்டுவது மிதக்கும் மேடையில். அது கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். இந்தப் பகுதியில் ஏற்ற இறக்க வித்தியாசம் மூன்று மீட்டர் வரை போகும் என்பதால், ஏற்றத்தின்போது ஏறக்குறைய சமமாக இருக்கும் அதே சரிவுப்பாதை, வற்றும்போது செங்குத்தாக இறங்கும். காலையில் எளிதாக ஏறிய பாட்டிக்கு மாலையில் திரும்பும்போது மூச்சு வாங்குவதற்கு இதுதான் காரணம். மேடைக்கும் படகுக்கும் நடுவே ஒரு சிறிய பலகை கிடக்கும். அலைக்கு அது அசையும். படகு ஊழியர் கை நீட்டுவார், பிடித்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியை மடித்துக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதே பாதுகாப்பு.

பாத்தாமில் இறங்கியதும் எப்படிப் போவது? பணம்?

கிராப், கோஜெக் இரண்டும் ஓடுகின்றன. ஆனால் துறைவாசலில் உள்ளூர் டாக்சிக்காரர்களின் ஏற்பாடு தனி. செயலி வண்டிகள் பல நேரங்களில் வாசலுக்கே வராது. பாத்தாம் சென்டரில் மேம்பாலம் ஏறி மெகா மால் பக்கம் போய் அங்கிருந்து அழைத்தால் எளிது. பெட்டியும் வயதானவர்களும் இருந்தால் துறைக்குள் இருக்கும் டாக்சிக் கவுன்ட்டரில் விலையைக் கேட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோளைத் தொட்டுக் கூப்பிடுகிறவர்களோடு பேரம் பேசுவதைவிட அது மேல்.

ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு அண்மை ஆண்டுகளில் 12,000 ரூப்பியாவை ஒட்டிக் கிடைக்கிறது. சிங்கப்பூரில் ஓரளவு மாற்றிக்கொண்டு போங்கள். சில கடைகளில் வெள்ளியையும் வாங்குவார்கள், ஆனால் அவர்கள் சொல்வதே விலை. சுழியங்கள்தான் கண்ணைக் கட்டும்: 10,000 நோட்டையும் 1,00,000 நோட்டையும் பணப்பையின் வெவ்வேறு அறைகளில் வையுங்கள்.

திரும்பும்போது சுங்கத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்தால் 500 வெள்ளி வரையான புதுப் பொருட்களுக்குப் பொருள் சேவை வரி இல்லை. அதற்குக் குறைந்தால் 100 வெள்ளி வரைதான். சனி காலை போய் ஞாயிறு மாலை திரும்புவது 48 மணிக்கு எட்டாது. 180 வெள்ளிக்குக் காலணி வாங்கினீர்கள் என்றால் மிச்சம் 80 வெள்ளிக்கு 9 விழுக்காடு, அதாவது 7 வெள்ளி 20 காசு கட்ட வேண்டும். வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி, நீண்டகால அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது; அதே காலணிக்கு முழுத் தொகைக்கும் 16 வெள்ளி 20 காசு. பலருக்கு இது தெரிவதில்லை. ரசீதை வைத்திருங்கள், சுங்கத்தில் பொருட்களை அறிவிப்பதற்கான சிவப்புத் தடத்தில் போய்ச் சொல்லுங்கள்.

மதுபானச் சலுகைக்கும் 48 மணி நேர விதி உண்டு. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். சிகரெட்டுக்குச் சலுகையே இல்லை. ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். மின்சிகரெட் பாத்தாம் கடைகளில் தாராளமாக விற்கிறது. சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே குற்றம். பபிள்கம்மும் கூடாது. லேயர் கேக், பிஸ்கட், நொறுக்குத் தீனி கொண்டு வரலாம். இறைச்சி, முட்டை வேண்டாம்.

20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ரொக்கமாக எடுத்துச் சென்றாலும் கொண்டுவந்தாலும் அறிவிக்க வேண்டும்.

ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

முடியும். காலை முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்தால், ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கிடைக்கிறது. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசாக் கட்டணத்தைச் சேர்த்தால் ஒருநாள் பயணம் கட்டுப்படியாகாது. ஓர் இரவாவது தங்குங்கள். பாத்தாமைத் தெற்கே உள்ள தீவுகளோடு இணைக்கும் பாரெலாங் பாலங்கள்வரை போகும் எண்ணம் இருந்தாலும் ஒரு நாள் போதாது.

பாத்தாமிலிருந்து பிந்தானுக்குப் போக முடியுமா?

தெலாகா புங்கூர் என்ற உள்நாட்டுத் துறையிலிருந்து தஞ்சோங் உபானுக்கும் தஞ்சோங் பினாங்குக்கும் படகுகள் உண்டு. நாட்டை விட்டு வெளியேறாததால் அதே விசா போதும். சிங்கப்பூருக்கு நேராகப் பிந்தானிலிருந்தே திரும்புவதென்றால் திரும்பும் டிக்கெட்டைத் தனியாக எடுங்கள். பாத்தாம் இருவழி டிக்கெட் அங்கே செல்லாது.

திரும்பும் படகைத் தவறவிட்டால்?

முதலில் அதே நிறுவனத்தின் கவுன்ட்டருக்குப் போங்கள். அடுத்த படகில் இடமிருந்தால், மாற்றுக் கட்டணம் வாங்கியோ வாங்காமலோ ஏற்றிவிடுவார்கள். ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டை மற்றொன்று ஏற்காது; அதனால் அவசரம் என்றால் வேறு நிறுவனத்தில் ஒருவழி டிக்கெட் வாங்குவதே வழி. அந்த நாளின் கடைசிப் படகும் போய்விட்டால் இரவு அங்கேதான். ஆகவே கடைசிப் படகுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். அதற்கு முந்தையதை எடுங்கள். அது போனாலும் இன்னொன்று இருக்கும்.

சாங்கியிலிருந்து அன்றே விமானம் பிடிக்க வேண்டியவர்கள், படகு இறங்கும் நேரத்துக்கும் விமான நேரத்துக்கும் நடுவே ஐந்து மணி நேரம் விடுங்கள். கணக்குப் போடும்போது இரண்டையும் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பாத்தாமில் பாஸ்போர்ட் தொலைந்தால்?

முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்து எழுத்துப்பூர்வமான சான்று வாங்குங்கள். அது இல்லாமல் அடுத்த எந்த வேலையும் நடக்காது. சிங்கப்பூரர்களுக்குப் பாத்தாமிலேயே சிங்கப்பூர்த் துணைத் தூதரகம் இருக்கிறது. இந்தியர்களுக்குத் தூதரகம் ஜகார்த்தாவில், துணைத் தூதரகம் மேடானில். அவசரப் பயண ஆவணம் கிடைத்த பிறகும், அதை வைத்துச் சிங்கப்பூருக்குள் நுழைய முடியுமா என்று ஐசிஏவிடம் கேட்ட பின்பே டிக்கெட் எடுங்கள். பாஸ்போர்ட்டின் படப் பக்கம், இந்தோனீசிய விசா, சிங்கப்பூர் விசா அல்லது பாஸ் ஆகியவற்றைப் படமெடுத்து, உங்கள் கைபேசியில் மட்டுமன்றி வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். கைப்பை போனால் கைபேசியும் பெரும்பாலும் அதோடுதான் போகும்.